வெப்பமும் எடையும்: பழைய போர்ஷே 911-ஐ வைத்திருப்பதும் தடத்தில் ஓட்டுவதும்

போர்ஷே 911 காரின் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கின்றன. 1964 முதல் 1998 வரை சாலைக்கு வந்த காற்றுக் குளிர்விப்பு 911-களில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு பெரிய விசிறி தள்ளும் காற்றும், என்ஜினுக்குள் ஓடும் ஆயிலும் சேர்ந்துதான் சூட்டைக் கொண்டுபோகின்றன. எடை எங்கே இருக்கிறது, வெப்பம் எங்கே போகிறது என்ற இந்த இரண்டு கேள்விகளைப் புரிந்துகொண்டவருக்கு, அந்தக் காரை வாங்குவதிலும் பராமரிப்பதிலும் பந்தயத் தடத்தில் ஓட்டுவதிலும் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

இந்தக் கார் 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு அறிமுகமானது. நடுவில் சுழி வரும் மூன்றிலக்க எண்களைத் தாங்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வருவதாகப் பெஷோ நிறுவனம் ஆட்சேபிக்கவே, எண் 911 ஆயிற்று. உருவத்தை வரைந்தவர் நிறுவனரின் பேரன் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. என்ஜினின் உருவாக்கத்தில் முதன்மையாகப் பேசப்படும் பெயர் ஹான்ஸ் மெட்ஸ்கர். பின்னாளில் 917 பந்தயக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினைத் தந்தவரும் அவரே. முதல் 911-இன் கொள்ளளவு 1991 சிசி, திறன் 130 குதிரைத்திறன். அடுத்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் வழக்கமான மாடல்களின் கொள்ளளவு 3.6 லிட்டர்வரை வளர்ந்தது. அடிப்படை அமைப்பு மட்டும் மாறவே இல்லை.

சாலையில் ஓடும் காரும் பந்தயத்தில் ஓடும் காரும் ஒரே எலும்புக்கூட்டில் நின்றது 911-இன் தனிச்சிறப்பு. 1967-இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணிநேரம் இடைவிடாமல் ஓடும் நீண்ட பந்தயத்தில் 911 ஆர் வென்றது. 1968, 1969, 1970 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மான்டி கார்லோ ராலியும் 911-க்கே. 1979-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் முதலிடம் பெற்ற 935 காரும் 911-இலிருந்து பிறந்ததுதான். ஆகவே பழைய 911-ஐத் தடத்துக்குக் கொண்டுபோவது அந்தக் காரின் இயல்புக்கு மாறான வேலை அல்ல. ஆனால் அந்தக் கார்கள் புதியவையாக இருந்தபோது வென்றன என்பதையும், இன்று உரிமையாளர் கையில் இருப்பது முப்பது நாற்பது ஆண்டு வயதான உலோகமும் ரப்பரும் என்பதையும் மறக்கக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் 911 நின்றுபோகவே இருந்தது. தண்ணீர்க் குளிர்விப்பும் முன்பக்க என்ஜினும் கொண்ட 928 அதன் இடத்தைப் பிடிக்கும் என்று நிறுவனம் எண்ணியிருந்தது. 1981-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறையில் தொங்கிய திட்ட வரைபடத்தைப் பார்த்தார். 911-இன் கோடு 1981-ஓடு முடிந்திருந்தது. ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவர்வரை அவர் நீட்டினார் என்பது போர்ஷே வட்டாரங்களில் எல்லாரும் அறிந்த செய்தி. அதைச் சொன்னவரும் அவரே. அந்த முடிவின் பலனாக வந்தது 1984-ஆம் ஆண்டு மாடலான கரேரா 3.2.

பழைய 911 வாங்க நினைப்பவர் முதலில் எந்தக் காலத்துக் கார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7 போன்றவை சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டன. 1580 மட்டுமே செய்யப்பட்ட அந்தக் காரைத் தடத்தில் விரட்டுவோர் மிகச் சிலர். 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் கார்களில் என்ஜின் கூடு மக்னீசியக் கலவை. சிலிண்டர் தலையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் அந்த மென்மையான உலோகத்திலிருந்து மரை பிடுங்கிக்கொண்டு வெளியே வருவது அவற்றின் தீராத நோய். அதிலும் மாசுக் கட்டுப்பாட்டுக்காக வெப்ப உலைகள் பொருத்தப்பட்ட அமெரிக்கக் கார்களின் என்ஜின் கூடுதலாகச் சூடேறி, இந்த நோய் முற்றிற்று. 1978-இல் வந்த 911 எஸ்சி அலுமினியக் கூட்டுக்கு மாறியது. 1989-இல் வந்த 964-இல் ஏபிஎஸ் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தன. 993 காற்றுக் குளிர்விப்பின் கடைசித் தலைமுறை. பின் சஸ்பென்ஷனே புதிது.

இவற்றுக்கு நடுவில் நிற்கும் கரேரா 3.2-தான் ஓட்டுவதற்காக வாங்குபவருக்குப் பொருத்தமானது என்பது இந்த உரையின் கருத்து. 3164 சிசி, ஐரோப்பியக் கார்களில் 231 குதிரைத்திறன், எடை 1200 கிலோவை ஒட்டி, உச்ச வேகம் மணிக்கு 245 கிலோமீட்டர். பாஷ் மோட்ரானிக் என்ற மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருசேரக் கவனிக்கிறது. அதற்கு முந்தைய கார்களில் அடிக்கடி செத்து என்ஜினையே கெடுத்த டைமிங் செயின் டென்ஷனருக்குப் பதிலாக, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் புதிய டென்ஷனர் இதில் வந்தது. ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. சாலையின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். பழைய கார் ஓட்டுவதன் ருசியே அதில் இருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது முதலில் உடல், அப்புறம் என்ஜின். என்ஜின் ஓசையில் மயங்கி உடலைப் பார்க்காமல் விட்டவர்கள் பிறகு வெல்டிங்குக்கே என்ஜின் செலவைக் கொடுத்திருக்கிறார்கள். 1976 மாடலிலிருந்து உடல் தகடு துத்தநாகம் பூசியது. அதனால் துருப்பிடிக்காது என்று நம்புவது தவறு. விபத்தில் அடிபட்டு வெட்டி ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். கதவைத் திறந்து, பூட்டு விழும் தூணின் அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடி ரப்பரின் ஓரம், பேட்டரி உட்காரும் தட்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் இரு முனை, முன் டேங்குக்கு அடியில் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் பெயின்ட் குமிழியிட்டிருந்தால் உள்ளே அதைவிட மோசமாக இருக்கும். பெயின்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று கையில் இருந்தால் பழைய அடி எங்கே என்று கார் தானே சொல்லிவிடும்.

என்ஜினைச் சோதிக்கக் கம்ப்ரெஷன் அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனை வேண்டும். காற்று புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் பிஸ்டன் ரிங். 3.2 என்ஜினில் வால்வு கைடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேயும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி நீலப்புகை வருவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சிலிண்டர்கள் படுத்திருப்பதால் இரவில் ஆயில் ரிங்கைத் தாண்டி வழிவது இயல்பு. ஆனால் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தால் கைடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தலையைக் கழற்றும் வேலை அது. விலை பேசும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆயில். இந்தக் காரின் உயிர் அதில்தான். மற்ற கார்களில் ஆயில் என்ஜினுக்கு அடியில் உள்ள தொட்டியில் தேங்கும். 911-இல் அப்படியில்லை. டிரை சம்ப் என்ற அமைப்பில் ஒரு பம்பு என்ஜினிலிருந்து ஆயிலை உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்பு டேங்கிலிருந்து எடுத்து மறுபடி என்ஜினுக்குத் தருகிறது. வலது பின்சக்கரத்துக்கு அருகே இருக்கிறது அந்த டேங்கு. கார் எவ்வளவு வேகமாக வளைந்தாலும் ஆயில் ஓரமாக ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சும் ஆபத்து இதனால் வெகுவாகக் குறைகிறது. பந்தயத்திலிருந்து சாலைக் காருக்கு வந்த அமைப்பு இது. தடத்தில் ஓட்டுபவருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். மொத்த ஆயில் ஏறக்குறைய 13 லிட்டர். சாதாரணக் குடும்பக் காரில் நான்கைந்து லிட்டர்தான்.

இந்த அமைப்பில் ஆயில் அளவு பார்ப்பதற்கே ஒரு முறை உண்டு. என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் டேங்கின் மூடியைத் திறந்து அளவுகோலை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கலாம். காலையில் குளிர்ந்த என்ஜினில் பார்த்தால் கோல் வறண்டிருக்கும். ஆயிலில் ஒரு பங்கு என்ஜின் கூட்டுக்குள் இறங்கியிருப்பதே காரணம். புதிதாக வாங்கியவர் பதறிப்போய் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார். என்ஜின் சூடானதும் மிகுதியான ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்கு ஏறி, பின்னால் வெண்புகை மூட்டமாக வெளியேறும். குறிக்கோடுகள் இரண்டுக்கும் நடுவில் ஆயில் இருந்தால் போதும். தடத்துக்குப் போகும் நாளில்கூட மேல்கோட்டைத் தொட வேண்டிய அவசியமில்லை.

ஆயில் சூடேற நேரமாகும். குளிர்ந்திருக்கும்வரை அது என்ஜினுக்கும் டேங்குக்கும் இடையே மட்டும் சுற்றும். 85 டிகிரியை ஒட்டி ஒரு தெர்மோஸ்டாட் திறந்ததும், வலது முன்சக்கர வளைவுக்குள் இருக்கும் கூலருக்குப் போய் வரத் தொடங்கும். டாஷ்போர்டில் ஆயில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் தனித்தனி முள் வைத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. வெப்ப முள் அசையத் தொடங்கும்வரை என்ஜினை 3000 சுற்றுக்கு மேல் ஏற்றாமல் ஓட்டுபவரின் கார் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். அழுத்தத்தில் ஒரு கணக்கு உண்டு: சூடான ஆயிலில், ஆயிரம் சுற்றுக்கு முக்கால் பார் என்ற அளவில் முள் ஏற வேண்டும். சூடான ஐட்லிங்கில் ஒரு பாருக்குக் கீழே இறங்குவது சகஜம். சுற்று ஏறியும் முள் ஏறவில்லை என்றால் உடனே என்ஜினை நிறுத்தியாக வேண்டும்.

எந்த ஆயில் என்பதிலும் கவனம் வேண்டும். கேம்ஷாஃப்ட் மீது ராக்கர் உரசிச் செல்லும் இந்த என்ஜினுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் போதுமான அளவில் தேவை. வினையூக்கி மாற்றிகளைக் காப்பதற்காக இன்றைய ஆயில்கள் பலவற்றில் அது குறைக்கப்பட்டிருக்கிறது. போர்ஷேயின் கிளாசிக் பிரிவே பழைய கார்களுக்கென்று 2.7 லிட்டர்வரைக்கும் 20டபிள்யூ-50, மூன்று லிட்டரிலிருந்து 10டபிள்யூ-60 என்று தனி ஆயில்கள் விற்கிறது.

விசிறியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. விசிறியின் நடுவிலேயே ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. அதனால் ஓட்டும்போது டாஷ்போர்டில் பேட்டரி சார்ஜ் விளக்கு எரிந்தால், மற்ற கார்களைப் போல வீடுவரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம்; விசிறி நின்றிருக்கலாம்; அடுத்த சில நிமிடங்களில் சிலிண்டர்கள் வெந்துவிடும். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பெல்ட்டைப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். மாற்று பெல்ட்டும் அதை மாட்டும் ஸ்பானரும் முன்பக்கப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். அவற்றோடு ஒரு மோட்ரானிக் ரிலேவும் இருந்தால் நல்லது. எரிபொருள் பம்புக்கு மின்சாரம் தரும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஈயப் பற்று வெடித்து, நெடுஞ்சாலை நடுவே என்ஜின் திடீரென்று நின்றுபோவது 3.2 உரிமையாளர்களுக்குப் பழகிய அனுபவம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு மாற்றினால் ஐந்து நிமிட வேலை.

டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் இந்த என்ஜினைத் தொட்டு அறிவதற்கான சந்தர்ப்பம். பன்னிரண்டு வால்வுகளுக்கும், இன்டேக் எக்ஸாஸ்ட் பேதமில்லாமல், இடைவெளி 0.10 மில்லிமீட்டர். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் செய்வது உத்தமம். கிராங்க் புல்லியில் 120 டிகிரிக்கு ஒன்றாகக் கோடுகள் இருக்கும். முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, 1-6-2-4-3-5 என்ற வரிசையில் ஒவ்வொரு கோடாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஃபீலர் கேஜை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைக்கும் இடம் குறுகல். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தகடு லேசான இழுப்போடு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் கூடவே சுழன்றுவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது.

இந்த வேலையின்போது கழற்றும் கீழ் வால்வு மூடிகளைத் துடைத்து வைத்துவிடாமல் உள்ளே பார்க்க வேண்டும். அந்தக் காலத்து என்ஜின்களில் கீழ்வரிசை ஸ்டட்கள் டிலவார் என்ற கலவையால் செய்யப்பட்டவை. வெப்பத்தில் அலுமினியத்தோடு ஒத்து நீளும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆனால் ஈரம் பட்டு அரித்துச் சில ஸ்டட்கள் ஓசையில்லாமல் ஒடிந்துவிடுகின்றன. ஒடிந்த துண்டு நட்டோடு சேர்ந்து மூடிக்குள் கிடக்கும். அதைக் கண்டவுடன் தடத்துக்குப் போகும் எண்ணத்தை அந்த ஆண்டுக்குத் தள்ளி வைத்துவிட்டு என்ஜினை இறக்குவதுதான் அறிவுடைமை. ஒரு ஸ்டட் போன இடத்தில் சிலிண்டர் தலையின் பிடி தளர்ந்து, அங்கிருந்து கசியும் சூடான வாயு உலோகத்தையே அரித்துத் தின்றுவிடும்.

1986 வரை வந்த கார்களில் 915 என்ற கியர் பெட்டி. அதன் சின்க்ரோ வளையங்கள் அவசரத்தைத் தாங்காது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் ஒரு கணம் நிதானிக்க வேண்டும்; இறக்கும்போது கிளட்சை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றைச் சமன்செய்ய வேண்டும். 1987 மாடலில் வந்த ஜி50 பெட்டி வலுவானது. ஹைட்ராலிக் கிளட்சும் கூடவே வந்தது. அந்த ஒரே காரணத்துக்காகக் கடைசி மூன்று ஆண்டுக் கார்களுக்கு விலை கூடுதல்.

ரப்பர் எல்லாமே வயதால் சாகிறது, ஓட்டத்தால் அல்ல. எரிபொருள் குழாய்கள் சூடான என்ஜினுக்கு மேலேயே ஓடுவதால், வெடித்த குழாய் ஒன்றிலிருந்து பெட்ரோல் சொட்டினால் கார் முழுவதும் எரிந்துபோகும். பழைய 911-கள் தீக்கிரையாவதற்கு இது முக்கியக் காரணம். கார் வந்தவுடன் ஆயில் மாற்றுவதற்கு முன்பே எரிபொருள் குழாய்களையும் பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ரப்பரில் கோடு ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டான டயர் கல்லைப் போல இறுகியிருக்கும். ஈரச் சாலையில் அது பிடிக்காது. இந்தக் காருக்குப் பதினாறு அங்குலச் சக்கரத்தில் முன்னால் 205, பின்னால் 225 மில்லிமீட்டர் அகலம். காற்றழுத்தம் முன்னால் 2.0 பார், பின்னால் 2.5 பார். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவாக இருப்பதற்குக் காரணம் எடைதான்.

அந்த எடைக்கு வரலாம். காரின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு முன்சக்கரங்கள் மேலும் அறுபது பங்கு பின்சக்கரங்கள் மேலும் இருக்கிறது. முதல் சில ஆண்டுக் கார்களில் முன் பம்பருக்குள் கனமான கட்டிகளை வைத்துச் சமாளித்தார்கள். 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிச் சக்கர இடைத்தூரத்தை நீட்டினார்கள். குணம் சாந்தமாயிற்று, மாறிவிடவில்லை. பின்புறம் கனமாக இருப்பதில் நன்மையும் உண்டு. வளைவிலிருந்து வெளியேறும்போது என்ஜினின் எடை பின் டயர்களை அழுத்திப் பிடித்துக்கொள்வதால், 911 மற்றக் கார்களைவிட முன்னதாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க விடும். பிரேக் பிடிக்கும்போதும் பின்சக்கரங்கள் தம் பங்கு வேலையைச் செய்யும்.

ஆபத்து இருப்பது வளைவின் நடுவில். வேகமாக நுழைந்துவிட்டோம் என்று பயந்து ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடை முன்னுக்குப் பாய்கிறது. பின்புறம் உயர்கிறது, செமி டிரெய்லிங் ஆர்ம் அமைப்பில் பின்சக்கரங்களின் சாய்வும் திசையும் அப்போது சற்று மாறுகின்றன. பிடி குறைந்த அதே கணத்தில், வால்பக்கம் கனமான அம்பைப் போலக் கார் திரும்பிக்கொள்ளப் பார்க்கிறது. பயந்து காலை எடுத்தவர் இன்னும் பயந்து பிரேக்கை மிதித்தால் கதை முடிந்தது. ஆகவே 911 ஓட்டுநருக்குச் சொல்லப்படும் முதல் பாடம் வேகத்தைப் பற்றியது அல்ல, வரிசையைப் பற்றியது: பிரேக்கை நேர்ச்சாலையிலேயே முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் மெதுவாக நுழைய வேண்டும், நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் தொட்டு எடையைப் பின்னால் நிறுத்த வேண்டும், வெளியே தெரியத் தொடங்கியதும் முழுக்க மிதிக்கலாம். நுழையும்போது முன்சக்கரங்கள் பிடிக்காமல் நேரே வழுக்குவதுபோல் தோன்றினால், பிரேக் காலை முழுதாக விடாமல் மெல்ல மெல்ல விட்டபடி திருப்புவார்கள் தேர்ந்தவர்கள். அது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது கற்க வேண்டியது.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்துக் கார் 1300 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் அரை மெகாஜூல். 200-இல் அது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு, இரண்டு மெகாஜூல். சில நொடிகளில் அத்தனையும் டிஸ்கில் வெப்பமாக மாறுகிறது. வெப்பம் பேடைக் கடந்து காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் திரவத்துக்கும் போகிறது. திரவம் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் தரைவரை போகும். டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சாலையில் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவம் மாற்றினால் போதும். தடத்துக்குப் போகும் காருக்கு அந்தந்த நிகழ்வுக்குச் சற்று முன் மாற்ற வேண்டும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. மேலான டிஸ்க்குகளுக்கும் பெரிய காலிப்பர்களுக்கும் பணம் கொட்டுவதற்கு முன், புதிய திரவமும் தடத்துக்கேற்ற பேடும் போட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவார்.

தடத்துக்குப் போகும் முதல்நாள் மாலை செய்ய வேண்டியவை எளியவை. சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் 130 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். அலுமினிய நட்டுகள் என்பதால் காற்றுத் துப்பாக்கி ஆகாது. காருக்குள் கிடக்கும் விரிப்பு, தண்ணீர்ப் புட்டி, கருவிப் பை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகும் ஒரு புட்டி போதும், எல்லாம் முடிய. பேட்டரிப் பிடிமானமும் பேடின் கனமும் பார்த்தாக வேண்டும். தடத்தில் நடக்கும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது என்பதால் பாலிசியின் விலக்குகளை வாசித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

இந்தக் காரின் சொந்த ஊர்த் தடம் என்று சொல்லத்தக்கது ஜெர்மனியின் ஐஃபெல் மலையில் 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று, நோர்ட்ஷ்லைஃப. நீளம் 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். பந்தயம் இல்லாத பல நாள்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் சொந்தக் காரில் ஓட்டலாம். அப்போது அது ஒருவழிச் சுங்கச் சாலையாகக் கருதப்படும்; ஜெர்மனியின் போக்குவரத்துச் சட்டம் செல்லும்; வலப்பக்கமாக முந்தக் கூடாது; நேரம் எடுத்துப் போட்டி போடக் கூடாது. தடுப்புக் கம்பியில் மோதினால் அதைச் சரிசெய்யும் செலவும் ஓட்டியவர் தலையில் விழும்.

பழைய 911-க்கு இந்தத் தடம் ஒரு முழு உடல் பரிசோதனை. தொடக்கத்தில் ஹாட்ஸென்பாக் வளைவுகள் இடமும் வலமுமாக எடையைத் தூக்கி எறிகின்றன. தளர்ந்த ரப்பர் புஷ் உள்ள கார் அங்கேயே ஆட்டம் காணும். ஃபுக்ஸ்ரோர இறக்கத்தின் அடியில் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும். அமுங்கி எழுந்தவுடனே அடெனாவர் ஃபார்ஸ்ட்டுக்கான பிரேக். முதன்முறை வருபவர் அங்கே தாமதமாகப் பிரேக் பிடித்துப் புல்லில் இறங்குவது வாடிக்கை. பிறகு பிரைட்ஷைட் என்ற தாழ்ந்த இடத்திலிருந்து நீண்ட ஏற்றம். பெர்க்வெர்க், கெஸல்சென், கான்கிரீட் குழிபோலச் சாய்ந்து வளையும் காருஸெல், ஹோஹ அஹ்ட் வரை கார் ஏறிக்கொண்டே போகிறது. என்ஜினுக்கு ஓய்வே கிடைக்காத அந்தப் பகுதியில்தான் ஆயில் வெப்ப முள் நகரத் தொடங்கும். முள் வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு மேலே போனால் சுற்றை இரண்டாயிரம் குறைத்து, ஒரு கியர் மேலே போட்டு, வலப்பக்கம் சமிக்ஞை காட்டி வேகமானவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு போய்விட வேண்டும். நல்லவேளையாகப் பொதுமக்கள் ஓட்டத்தில் சுற்று முடிவது டோட்டிங்கர் ஹோஹ என்ற நீண்ட நேர்ச்சாலையில். கடைசிச் சில கிலோமீட்டரை மிதமாக ஓட்டி வந்தால் கூலருக்குக் காற்றும் கிடைக்கும், பிரேக்கும் ஆறும்.

அந்தக் குளிர்விக்கும் ஓட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. என்ஜினை அணைத்தால் விசிறியும் அதோடு நிற்கும், ஆயிலும் ஓடாது, உலோகத்தில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் தலைகளுக்கும் ரப்பர் சீல்களுக்கும் பரவும். நிறுத்திய பின் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், கொதிக்கும் பேட் டிஸ்கில் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதித்துவிடும். அடுத்த ஓட்டத்தில் பெடல் நடுங்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்குவதே பழகிய கைகளின் வழக்கம்.

வீட்டுக்கு வந்த பின் மறுபடி பரிசோதனை. பேட் கனம், டிஸ்கில் வெடிப்பு, சக்கர பேரிங்கில் ஆட்டம், ஆயில் குழாய் இணைப்புகளில் ஈரம், ஆயில் அளவு எல்லாம் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்ற எண் தடத்து நாள்களுக்குப் பின் திடீரென்று ஏறினால், அதுவே என்ஜின் சொல்லும் முதல் செய்தி.

இவ்வளவு மதிப்பு ஏறிவிட்ட காரைத் தடத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்த, மூல நிலையில் இருக்கும் கார்களுக்கு எச் என்ற எழுத்தோடு தனி எண் பலகை தரப்படுகிறது. வரி ஆண்டுக்கு 191.73 யூரோ என்று நிலையானது. மூல நிலையைக் கெடுக்கும் மாற்றங்கள் அந்தத் தகுதிக்கும் விற்பனை விலைக்கும் இடைஞ்சல். ஆகவே அறிந்த உரிமையாளர்கள் திரும்பப் பழையபடி மாற்றக்கூடியவற்றை மட்டுமே மாற்றுகிறார்கள்: பேட், திரவம், ஷாக் அப்ஸார்பர், இருக்கை. கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைக்கிறார்கள். உடலில் துளை போடுவதில்லை. ஆனால் ஓட்டாமலே வைத்திருப்பது காரைக் காப்பாற்றும் என்ற எண்ணம் தவறானது. நின்ற காரில் காலிப்பர் பிஸ்டன்கள் இறுகுகின்றன, பெட்ரோல் பிசினாகிறது, சீல்கள் காய்ந்து கசிகின்றன, எரிதலில் உண்டான நீர் ஆயிலோடு கலந்து அமிலமாகிப் பேரிங்குகளை அரிக்கிறது. வெறுமனே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் கெடுதல். ஆயில் சூடாகி அந்த நீர் ஆவியாகும்வரை, அரை மணிக்குக் குறையாமல் ஓட்டியாக வேண்டும்.

சாலையில் உப்பு தூவும் குளிர்காலத்தில் மட்டும் நிறுத்தி வைப்பதற்கு நியாயம் உண்டு. நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிட வேண்டும். பழைய ஆயிலின் அமிலம் நான்கைந்து மாதம் உள்ளே கிடக்கக் கூடாது. ஈரம் சேராதபடி டேங்கை நிரப்பி, டயருக்குக் கூடுதல் காற்றடித்து, பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் மாட்டி வைக்க வேண்டும். உப்பை மழை கழுவிய பின் காரை வெளியே எடுத்து, பிரேக் திரவத்தைப் புதுப்பித்து, டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்கி, எரிபொருள் குழாய்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஆயில் முள் எழும்வரை 3000 சுற்றுக்குள் ஓட்டிச் சூடாக்கியபின் அந்த ஆண்டின் ஓட்டத்தைத் தொடங்கலாம்.